எஸ்.எஸ். சிக்னி எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

அன்னம் விண்மீன் குழாமில் இருக்கும் எஸ்.எஸ். சிக்னி, ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை பொங்கியெழுகிறது. 12ஆம் பொலிவெண்ணில் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) மங்கிக் கிடக்கும் அந்த ஒளிப்புள்ளி ஓரிரு நாளில் 8ஐ எட்டிவிடும். அதாவது ஏறக்குறைய 40 மடங்கு ஒளி. பிறகு மெல்ல அடங்கும். 1896இல் ஹார்வர்டு வான்காணகத்தின் ஒளிப்படத் தகடுகளில் லூயிசா வெல்ஸ் இதைக் கண்டுபிடித்தார். அன்றுமுதல் யாராவது ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அந்தப் புள்ளிக்குள் இரண்டு மீன்கள் இருக்கின்றன. ஒன்று வெண்குறுமீன். மற்றொன்று சூரியனைவிடச் சிறிய, செம்மஞ்சள் நிறத் துணைமீன். இரண்டும் 6.6 மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றிவிடுகின்றன. இவ்வளவு நெருக்கத்தில் துணைமீனின் வாயுவை வெண்குறுமீன் இழுத்துக்கொள்கிறது. ஆனால் அது நேராக வெண்குறுமீன்மேல் விழுவதில்லை. சுழன்று சுழன்று ஒரு வட்டாகப் படிகிறது. நாம் காணும் பொங்கல் இந்த வட்டினுடையது.

வட்டு ஏன் பொங்குகிறது? துணைமீன் அவ்வப்போது கூடுதலாக வாயுவைக் கொட்டுகிறது என்றது ஒரு தரப்பு. வரத்து சீராகத்தான் இருக்கிறது, வட்டுதான் அதைத் தேக்கிவைத்து மொத்தமாக இறக்குகிறது என்று 1974இல் வானியலாளர் யோஜி ஓசாகி வாதிட்டார். தேக்கம் உடைவதற்கான இயற்பியலை ஹோஷியும் பிறகு மேயர் தம்பதியரும் தந்தார்கள். குளிர்ந்த வட்டில் ஹைட்ரஜன் நடுநிலை அணுக்களாக இருக்கும்; பாகுநிலை குறைவு, வாயு உள்நோக்கி மெதுவாகவே நகரும். வாயு சேரச்சேர வெப்பம் ஏறி ஹைட்ரஜன் அயனியாகத் தொடங்கினால், ஒளிபுகாத்தன்மை சட்டென்று உயர்ந்து வெப்பம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது, பாகுநிலையும் எகிறுகிறது. தேங்கியது சரிகிறது.

இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. வாயு வரத்து ஒரு மாறுநிலை அளவைத் தாண்டிவிட்டால் வட்டு குளிரவே வாய்ப்பில்லை. எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கவேண்டும். வரத்தின் அளவையோ மீனின் உண்மையான ஒளியிலிருந்துதான் கணிக்கிறோம். அந்த ஒளியைக் கணிக்கத் தொலைவு தெரியவேண்டும்.

சிக்கல் இங்கேதான் வந்தது. ஹபிள் தொலைநோக்கியின் அளவீட்டைக் கொண்டு 1999இல் ஹாரிசன் குழுவினர் தந்த தொலைவு ஏறத்தாழ 160 பார்செக். அது சரியென்றால் வாயு வரத்து அந்த மாறுநிலை அளவைத் தாண்டிவிடுகிறது; எஸ்.எஸ். சிக்னி பொங்கி அடங்கக் கூடாது. 2007இல் ஷ்ரைபரும் லசோட்டாவும் இதை ஒளிக்காமல் எழுதினார்கள்: ஒன்று அந்தத் தொலைவு தவறு, அல்லது வட்டுகளைப் பற்றிய நம் புரிதல் தவறு. எந்த எண் வந்தால் கோட்பாடு வீழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்ட இந்தத் துணிவைத்தான் இந்த விவாதத்தின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன்.

தீர்ப்பு ரேடியோ அலைகளிலிருந்து வந்தது. பொங்கும்போது மட்டும் எஸ்.எஸ். சிக்னி ரேடியோ அலைகளை உமிழும். ஆகவே பொங்கத் தொடங்கிய உடனே யாராவது சொல்லியாகவேண்டும். அமெரிக்க மாறுமீன் நோக்கர் கழகத்தின் தன்னார்வலர்கள் அதைச் செய்தார்கள். பொலிவெண் தெரிந்த பக்கத்து மீன்களில் எதைவிட இது பிரகாசம், எதைவிட மங்கல் என்று கண்ணாலேயே ஒப்பிட்டுக் குறிக்கும் பழைய முறை அவர்களில் பலருடையது. அவர்கள் குரல் கொடுத்ததும் ஜேம்ஸ் மில்லர்-ஜோன்ஸ் குழுவினர் ஒரு கண்டத்தின் அகலத்துக்குப் பரவிய ரேடியோ தொலைநோக்கிகளை அந்தத் திசைக்குத் திருப்பினார்கள். 2013இல் வெளியான விடை 114 பார்செக், சுமார் 370 ஒளியாண்டு.

பூமி சூரியனைச் சுற்றும்போது மீன் சற்றே இடம்மாறித் தெரியும் கோணத்திலிருந்துதான் இரண்டு அளவீடும் தொலைவைக் கணித்தன. அந்த இடமாறு தோற்றக் கோணத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, 2,000 கி.மீ. தொலைவில் வைத்த ஒரு நாணயத்தின் அகலம் கண்ணில் பிடிக்கும் கோணம்தான். ஆனால் அதற்குள் மீனின் ஒளி இரண்டு மடங்கு கூடியோ குறைந்தோ போகிறது! வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஹபிள் ஒப்பிட்டது நம் பால்வழியின் மீன்களோடு. அவற்றின் தொலைவையும் தனியே மதிப்பிட்டாகவேண்டும். ரேடியோவில் ஒப்பீட்டுக்குக் கிடைத்தவை பால்வழிக்கு வெகு அப்பால் அசையாமல் நிற்கும் மூலங்கள். நெலனும் பாண்டும் அதே ஹபிள் தரவுகளை மறுபடி பகுத்தபோது விடை 120 பார்செக் அளவுக்கு இறங்கியது. கையா விண்கலமும் 114ஐ ஒட்டியே நிற்கிறது.

கோட்பாடு பிழைத்தது என்று இதைச் சொல்வது வழக்கம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 114 பார்செக் என்பது வட்டுக் கோட்பாட்டின்மேல் இருந்த தடையை நீக்கியது. துணைமீனின் வரத்து மாறவே மாறாது என்று அது நிறுவவில்லை. 2019 வாக்கில் எஸ்.எஸ். சிக்னியின் அடங்கிய நிலையே மெல்லப் பிரகாசமாகத் தொடங்கியது. 2021இல் முழுதாகப் பொங்காமலும் முழுதாக அடங்காமலும் நடுவில் சிறு சிறு ஏற்ற இறக்கங்களோடு நின்றது. வரத்து கூடியதா, வட்டின் பாகுநிலை கூடியதா? தொலைவு உறுதியாகிவிட்டதால், இந்த முறை குறையைத் தொலைவின்மேல் போட யாருக்கும் வழியில்லை.