மெஸ்டியாவில் ஹெர்கியானி நினைவு இல்லம்

ஜார்ஜியாவின் வடமேற்கு மலைப்பகுதியான மேல் ஸ்வானெட்டிக்கு மெஸ்டியாதான் தலைமை ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இச்சிற்றூரில், பழைய காவல் கோபுரம் ஒன்றை ஒட்டி நிற்கிறது ஒரு கல்வீடு. மலையேற்ற வீரர் மிகைல் ஹெர்கியானியின் குடும்ப வீடாக இருந்த அது இன்று அவரது நினைவு இல்லம். பெயர்ப்பலகையில் இருப்பது மிகைலின் பெயர் மட்டுமே. ஆனால் அவருடைய தந்தை பெக்னுவையும் அவர்களின் உறவினர் காப்ரியேலையும் விட்டுவிட்டு அந்த வீட்டின் வரலாற்றைச் சொல்ல முடியாது. ஜார்ஜிய மலையேற்றம் நகரத்துக் கல்விமான்களிடமிருந்து மலைக்கிராமத்தாரின் கைக்கு வந்தது இக்குடும்பத்தின் வழியாகத்தான்.

ஸ்வானெட்டியின் கோபுரங்களில் பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுக்கும் 12ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தவை. பொதுவாக மூன்று முதல் ஐந்து அடுக்குகள். உயரம் 20 முதல் 25 மீட்டர். பகைவர் படையெடுத்தாலும், குடும்பங்களுக்கிடையே பழிவாங்கும் சண்டை மூண்டாலும் அவற்றுக்குள் புகுந்து ஏணியை இழுத்துக்கொள்வார்கள். கோபுரத்தோடு சேர்ந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு மச்சுபி என்று பெயர். நடுவில் அடுப்பு, அதைச் சுற்றி மனிதர்கள், சுவரோரம் மரத்தடுப்புகளுக்குப் பின்னால் மாடுகள் என நீண்ட பனிக்காலம் முழுவதையும் ஒரே கூரையின் கீழ் கழித்தார்கள். தர்பாசி எனப்பட்ட மேல்தளத்தில் தீவனத்தைச் சேமித்தார்கள். கோடையில் அங்கே குடியிருந்தார்கள். சாசாஷி என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு மேல் ஸ்வானெட்டியை 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சிகரம் ஏறுவது ஸ்வான் மக்களுக்கு விளையாட்டாக இருந்ததில்லை. மலையாட்டு வேட்டைக்காகப் பாறைச்சரிவுகளில் ஏறினார்கள். வடக்கே உள்ள பள்ளத்தாக்குகளோடு வணிகம் செய்யவும் கூலிவேலை தேடவும் பனிமூடிய கணவாய்களைக் கடந்தார்கள். டாலி என்னும் வேட்டைத் தெய்வம் உயர்ந்த பாறைகளில் வாழ்வதாக நம்பினார்கள். பொன்னிறக் கூந்தல் கொண்ட அவள் மலை விலங்குகளுக்குக் காவல். அவள் சினத்துக்கு ஆளான வேட்டைக்காரன் பாறையிலிருந்து விழுந்து மடிவான் என்று ஸ்வான் பாட்டுகள் சொல்கின்றன. அந்த நம்பிக்கைக்குள் ஒரு நடைமுறை அறிவும் இருந்தது. எந்தப் பனிப்பாலத்தில் கால் வைக்கலாம், எந்தச் சரிவில் நண்பகலுக்குப் பின் கல் உருளும் என்பதெல்லாம் தந்தை மகனுக்குச் சொல்லித்தந்த பிழைப்புக் கல்வி. தேவையில்லாமல் உச்சிக்குப் போவதற்கு மட்டும் அதில் இடமில்லை.

உச்சியை அடைவதையே நோக்கமாகக் கொண்டு வந்தவர்கள் ஐரோப்பியர்கள். 1868இல் டக்ளஸ் ஃப்ரெஷ்ஃபீல்டும் அவருடைய தோழர்களும் காஸ்பெக் உச்சியை அடைந்தனர். ஜார்ஜியர்கள் ம்கின்வார்ட்ஸ்வேரி என்று அழைக்கும் மலை அது. 1887இல் ஸ்வானெட்டியின் டெட்னுல்டியிலும் ஃப்ரெஷ்ஃபீல்டு ஏறினார். மெஸ்டியாவுக்கு அருகே இரட்டைக் கொம்புகளாக எழும் உஷ்பா எளிதில் வழிவிடவில்லை. அதன் வட உச்சியை 1888இல் ஜான் காக்கின், சுவிஸ் வழிகாட்டி உல்ரிஷ் ஆல்மருடன் அடைந்தார். 4,710 மீட்டர் உயரமுள்ள தென் உச்சியில் மனிதர் கால் பட இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1903இல் அடால்ஃப் ஷுல்ட்ஸேயின் குழு அங்கே ஏறியது. அதே ஆண்டில் உஷ்பாவில் ஏற முயன்ற ஆஸ்திரியப் பெண் சென்சி ஃபான் ஃபிக்கரின் துணிவை வியந்து, உள்ளூர்ச் சிற்றரசர் டாடெஷ்கெலியானி அந்த மலையையே அவருக்குப் பரிசாக எழுதிக்கொடுத்தார். மலையின் காலடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பெயர்கள் இந்த முதல் ஏற்றங்களின் பதிவேட்டில் அரிதாகவே தென்படுகின்றன.

அந்தக் குறை தீரத் தொடங்கியது 1923இல். கணிதப் பேராசிரியர் கியோர்கி நிகோலாட்ஸே தலைமையில், பெண்களும் இடம்பெற்ற ஒரு குழு திபிலிசியிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் 28ஆம் தேதி ம்கின்வார்ட்ஸ்வேரியின் உச்சியை அடைந்தது. ஜார்ஜிய மலையேற்றம் மட்டுமல்ல, சோவியத் மலையேற்றமும் பிறந்த நாளாக அது கருதப்படுகிறது. அக்குழுவில் இருந்த ஜாபரிட்ஸே உடன்பிறப்புகள் அடுத்த இருபது ஆண்டு வரலாற்றின் நடுநாயகமாக விளங்கினார்கள். விலையும் பெரிதாக இருந்தது. சிமோன் ஜாபரிட்ஸே 1929இல் டெட்னுல்டியில் பிமென் த்வாலியுடன் உயிரிழந்தார். துயரம் குடும்பத்தை மலையிலிருந்து விலக்கவில்லை. 1934இல் சிமோனின் தம்பி அல்யோஷா, அக்காள் அலெக்சாண்ட்ரா, யாகோர் கசாலிகாஷ்விலி, கியோ நிகுரியானி ஆகிய நால்வரும் உஷ்பாவின் தென் உச்சியில் நின்றார்கள். அந்தப் பயங்கர மலையில் சோவியத் குழு ஒன்று பெற்ற முதல் வெற்றி அது.

ஸ்வான் இளைஞர்களின் கண்ணெதிரே நடந்தது இது. வேட்டைக்காரப் பிள்ளைகளுக்குப் பாறையும் பனியும் புதிதல்ல. கயிறு, பனிக்கோடரி, பாறையில் அறையும் ஆணி ஆகியவற்றைக் கையாளும் முறைதான் புதிது. அதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை. 1937இல் காப்ரியேல் ஹெர்கியானி, மக்சிம் க்வார்லியானி முதலிய ஸ்வான் வீரர்கள் மட்டுமே அடங்கிய அணி உஷ்பாவின் தென் உச்சிக்குப் புதிய வழியில் ஏறியது. இன்றும் அந்த வழிக்குக் காப்ரியேலின் பெயரே வழங்குகிறது. முந்தைய ஏற்றங்களில் சுமைதூக்கிகளாகவும் வழிகாட்டிகளாகவும் பின்னால் நின்ற மக்கள் முன்னால் வந்த ஆண்டு அது. ஸ்வானெட்டியின் வரலாற்றில் அந்த 1937ஆம் ஆண்டுக்கு இன்னும் உயர்ந்த இடம் தரவேண்டும்.

பிறகு போர் வந்தது. 1942 ஆகஸ்ட் 21ஆம் தேதி ஜெர்மன் மலைப்படை ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரமான எல்புருஸில் நாஜிக் கொடியை நட்டது. அடுத்த பிப்ரவரியில் அலெக்சாண்டர் குசேவ் தலைமையில் மலையேற்ற வீரர்களைக் கொண்ட படைப்பிரிவு அங்கே அனுப்பப்பட்டது. 13ஆம் தேதி மேற்கு உச்சிக்கு ஏறிய அறுவரில் இருவர் பெக்னுவும் காப்ரியேலும். நடுக்குளிர்காலம், கடும் காற்று, போர்க்காலத்தின் அரைகுறைக் கருவிகள். அவற்றோடு ஏறி, எதிரியின் கொடியை அகற்றித் தங்கள் நாட்டுக் கொடியை நட்டுத் திரும்பினார்கள். பெக்னுவின் மகன் மிகைலுக்கு அப்போது பதினொரு வயது நிறையவில்லை.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் அல்யோஷா ஜாபரிட்ஸே மீண்டும் உஷ்பாவுக்குச் சென்றார். உடன் சென்றவர்கள் நிகோலோஸ் முகினும் ஸ்வான் வீரர் கெலெஷ்பி ஓனியானியும். நகரத்தாரும் கிராமத்தாரும் ஒரே கயிற்றில் பிணைந்து புறப்பட்ட அந்தப் பயணத்திலிருந்து ஒருவரும் உயிருடன் திரும்பவில்லை. இரண்டு சகோதரர்களை மலைக்குக் கொடுத்த அலெக்சாண்ட்ரா 1974 வரை வாழ்ந்தார். திபிலிசியின் மலையேற்றக் கழகம் அல்யோஷாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

மிகைல் 1932 மார்ச் 23ஆம் தேதி பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் மலையேற்றம் சோவியத் நாட்டில் முறையான விளையாட்டாகிவிட்டது. தொழிற்சங்கங்கள் மலையடிவாரங்களில் பயிற்சி முகாம்கள் நடத்தின. ஒவ்வொரு வழிக்கும் கடினத்தின் அளவைக் குறிக்கும் தரம் உண்டு. ஏற்றங்களுக்கென்றே தேசியச் சாம்பியன் பட்டமும் இருந்தது. இந்த அமைப்புதான் ஒரு மலைக்கிராமத்துப் பையனுக்குப் பயிற்சியும் வேலையும் புகழும் தந்தது. ஆனால் மிகைலின் கால்களுக்கு இருந்த உறுதியை எந்த முகாமும் தந்திருக்க முடியாது. பாறையேற்றப் போட்டிகளில் பலமுறை நாட்டின் சாம்பியன் ஆனார். 1957இல் டோங்குஸ்-ஓருன் மலையின் வடசுவரில் அவர் திறந்த வழியும், 1964இல் உஷ்பாவின் ‘கண்ணாடி’ எனப்படும் வழவழப்பான சுவரில் ஏறியதும் காக்கசஸ் மலையேற்றத்தின் மைல்கற்கள். 1960இல் பிரிட்டன் சென்றபோது அங்கிருந்த வீரர்கள் அவரது வேகத்தைக் கண்டு ‘பாறைகளின் புலி’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வெற்றிகளைப் போலவே இழப்புகளும் அவரைத் தொடர்ந்தன. 1961இல் தியென் ஷான் மலைத்தொடரில் 7,439 மீட்டர் உயரமுள்ள போபெடா சிகரத்துக்குச் சென்ற ஜார்ஜிய வீரர்களில் தெய்முராஸ் குகியானிட்ஸே, இலிகோ கப்லியானி, ஜோகியா குகாவா ஆகிய மூவர் இறந்தார்கள். மிகைல் உயிர்தப்பினார். நண்பர்களைப் பறிகொடுத்த பின்னும் எல்புருஸ் வட்டாரத்தில் மலையில் சிக்கியவர்களை மீட்கும் பணியில் அவர் தொடர்ந்து உழைத்தார். பட்டங்களைக் காட்டிலும் இந்த உழைப்பே அவரை உயர்ந்தவராக்குகிறது.

1969இல் இத்தாலிக்குச் சென்ற சோவியத் குழுவில் மிகைலும் இருந்தார். ஜூலை 4ஆம் தேதி டோலமைட் மலைகளின் சிவெத்தா தொகுதியில் உள்ள சு ஆல்டோ சுவரில், வியாசெஸ்லாவ் ரோமனோவுடன் ஒரே கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தார். மேலிருந்து பாறைகள் சரிந்து கயிற்றை அறுத்தன. சுமார் 600 மீட்டர் ஆழத்துக்கு விழுந்த மிகைல் இறந்தார், ரோமனோவ் உயிர்பிழைத்தார். பிழை எதுவும் செய்யாத ஏறுநருக்கும் மலை இப்படி முடிவு எழுதிவிடும் என்பதை அறிந்தவர்கள்தாம் மெஸ்டியாவின் மக்கள். ஆயினும் 37 வயதில் நேர்ந்த அந்த மரணம் ஊரையே உலுக்கியது. உடலை மெஸ்டியாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ரஷ்யக் கவிஞரும் பாடகருமான விளாதிமிர் விசோட்ஸ்கி அவர் நினைவாக ஒரு பாடல் எழுதினார்.

நினைவு இல்லத்தில் மிகைலின் மலையேற்றக் கருவிகள், பதக்கங்கள், புகைப்படங்கள், அவர் புழங்கிய பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. கடந்த நூற்றாண்டின் நடுவில் எத்தகைய துணைக்கருவிகளோடு இவர்கள் ஏறினார்கள் என்பதை இன்றைய இளம் வீரர்கள் இங்கே கண்கூடாகக் காணலாம். மெஸ்டியாவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பழைய சுவடிகளும் திருவுருவங்களும் உள்ள ஸ்வானெட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறார்கள். அங்கே இருப்பவை தேவாலயங்கள் காத்துவந்த செல்வம். இந்தச் சிறிய வீட்டில் இருப்பதோ ஒரு குடும்பம் தன் கையால் சேர்த்தது. வீட்டை ஒட்டிய கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முழுமையாகும்.