பூங்காவும் நீள்வீடும்: புக்கிட் கியாரா வழக்கு

பொதுநிலம் காப்போரும் வீடு வேண்டும் தொழிலாளரும் பகைவர் என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. கோலாலம்பூர் புக்கிட் கியாராவின் வரலாறு அதனை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது.

ரப்பர்த் தோட்டமாயிருந்த அந்நிலத்தை அரசு கையகப்படுத்தியபின், பெரும்பாலும் தமிழரான தொழிலாளர் குடும்பங்கள் 1980களில் தற்காலிக நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிலையான வீடு கிட்டாமலேயே பல்லாண்டுகள் கழிந்தன. 2017 ஜூலையில், அருகிலுள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் எட்டு உயரடுக்குக் குடியிருப்புகளுக்கும் 350 மலிவு வீடுகளுக்கும் மாநகர் மன்றம் மேம்பாட்டு ஆணை வழங்கியது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். நீள்வீட்டார் சங்கமோ எதிர்த்தரப்பில் நின்றது. உயர் நீதிமன்றம் 2018இல் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் ஆணையை நீக்கியது. கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 18ஆம் நாள் அதனை உறுதிசெய்தது. கட்டமைப்புத் திட்டத்தினின்று காரணமின்றி விலகுதல் தகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. செல்லாதென அறிவிக்கப்பட்டது ஆணையே. தொழிலாளரின் வீட்டுரிமை அன்று. அவ்வுரிமை உரிய காலத்தில் நிறைவேறியிருப்பின், வணிகக் கோபுரங்களின் நிழலில் அது இணைக்கப்பட்டிராது. இரு சாராரும் நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றிருக்கவும் மாட்டார்கள்.