பிப்ரவரி 29-இல் விழுந்த ஷெரீப்



ஷெரீப் என்பவர் அமெரிக்காவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாவட்டக் காவல் அதிகாரி. அப்படி ஒருவர் பேட் காரெட். 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவில் பில்லி த கிட் என்ற பேர்பெற்ற குற்றவாளியைச் சுட்டுக் கொன்றார். உலகுக்கு அவரைத் தெரிவது அதனால்தான். எனக்கோ அதற்குப் பின் நடந்ததுதான் மனசை உறுத்துகிறது.

1896-இல் வழக்கறிஞர் ஆல்பர்ட் ஃபவுண்டனும் 8 வயது மகன் ஹென்றியும் வண்டியில் வரும் வழியில் காணாமல் போனார்கள். உடல்கள் கிடைக்கவே இல்லை. துப்புத்துலக்க காரெட்டை அழைத்தார்கள். அவர் குற்றம் சாட்டியவர்கள் 1899-இல் விடுதலையானார்கள். அவர்களுக்காக வாதாடியவர் ஆல்பர்ட் ஃபால்.

1908 பிப்ரவரி 29. லாஸ் குரூசஸ் ஊருக்குப் போகும் சாலையில் காரெட்டே சுடப்பட்டு இறந்தார். அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்த்த வெய்ன் பிரேசல், தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொல்லிச் சரணடைந்தார். குண்டோ பின்மண்டையில் பாய்ந்திருந்தது! உடனிருந்த கார்ல் ஆடம்சனை விசாரணையில் சாட்சி சொல்ல அழைக்கவே இல்லை. 1909-இல் பிரேசலும் விடுதலை. வாதாடியவர் அதே ஃபால். சுட்டது உண்மையில் யார் என்று இன்றும் வாதம் ஓயவில்லை.

வகுப்பில் ஏதாவது உடைந்தால், "நான்தான் சார்" என்று ஒருவன் எழுந்ததும் விசாரணையை முடித்துவிடுவேன். அவன் யாரைக் காப்பாற்ற எழுந்தான் என்று கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது, பிள்ளைகளே.