கலை அரசி: பாட்டுக்காரியைக் கடத்திய கிரகம்

மதுரையில சின்ன வயசுல டிவியில ‘கலை அரசி’ பார்த்தப்ப, அந்தப் பறக்கும் தட்டுதான் எங்களுக்குக் காமெடி. எம்.ஜி.ஆர்., பானுமதி நடிச்சு, ஏ. காசிலிங்கம் இயக்கின படம். 1963 ஏப்ரல் ரிலீஸ். தும்பாவிலிருந்து நம்ம நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பினது அதே வருஷம் நவம்பர் 21. அதுவும் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி! நம்ம சினிமா அதுக்கு முன்னாடியே வேற்றுக்கிரகம் போய்த் திரும்பியாச்சு.

இப்ப பார்த்தா கதைதான் உறுத்துது. அந்தக் கிரகத்துல விஞ்ஞானம் எக்கச்சக்கம். பாட்டும் ஆட்டமும்தான் இல்ல. அதனால பூமிக்கு வந்து கடத்துறது தங்கத்தை இல்ல, பாடத் தெரிஞ்ச பொண்ணை. மீட்கப் போறது எம்.ஜி.ஆர்., வேற யாரு? மனுஷக் குரல்களை அள்ளி மெஷினுக்குப் பாடக் கத்துக்கொடுக்கிற துறையில இருக்கிற எனக்கு, அந்தக் காட்சியில சிரிப்பே வரல.