லாரி கொடுத்தவரும் உயிர் கொடுத்தவரும்

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா, இரண்டாம் உலகப் போரை ஜெயித்துக் கொடுத்தது அமெரிக்காதான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். லாரி, ஜீப், டப்பாக் கறி என்று பட்டியல் வேறு! போர்க்களத்தில் இருக்கிறோமா, மளிகைக் கடையில் இருக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. (சிரிப்பு)

லாரி வரவில்லை என்று நான் சொல்லவில்லை அம்மா. சோவியத் நாட்டுக்கு அமெரிக்கா அனுப்பிய லாரியும் ஜீப்புமாகச் சுமார் 4 லட்சம். கத்யூஷா ராக்கெட்டையே ஸ்டூடிபேக்கர் லாரி மேல் ஏற்றித்தான் சுட்டார்கள். ஆனால் அந்த உதவியில் பெரும்பகுதி எப்போது வந்தது? 1943-லும் அதற்கு அப்புறமும். அதற்குள்ளே என்னவெல்லாம் நடந்துவிட்டது! 1941 டிசம்பரிலேயே மாஸ்கோ வாசலில் ஜெர்மானியரைத் திருப்பி அடித்தாயிற்று. 1943 பிப்ரவரி 2-ல் ஸ்டாலின்கிராடில் ஹிட்லரின் 6-வது படையில் மிச்சமிருந்தவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டாயிற்று. பிடிபட்டவர்கள் மட்டும் 90 ஆயிரத்துக்கு மேலே. நோயாளி கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்த பிறகு வந்த டானிக், 'முழு வைத்தியமும் நான்தான்' என்று சொல்லலாமா? (கைதட்டல்)

லெனின்கிராட் நகரத்தைப் பாருங்கள். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை 872 நாள் முற்றுகை. முதல் குளிர்காலத்தில் தொழிற்சாலைக்குப் போகாத பெரியவருக்கும், குழந்தைக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவோடு மரக்கூழைக் கலந்திருந்தார்கள். தான்யா சவிச்சேவா என்று ஒரு சிறுமி. கையடக்கக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். என்ன எழுதினாள்? பள்ளிக்கூடக் கணக்கா? அக்கா, பாட்டி, அண்ணன், அப்பாவோடு பிறந்த இரண்டு பேர், கடைசியில் பெற்ற தாய் என்று ஒவ்வொருவரும் இறந்த தேதி, இறந்த நேரம். ஐந்து மாதத்துக்குள் ஒரே குடும்பத்தில் ஆறு பேர். அந்தக் குழந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. 1944 ஜூலை 1-ல் போய்விட்டாள். வயசு 14.

1939-ல் ஹிட்லரோடு ஸ்டாலின் ஒப்பந்தம் போட்டாரே என்று அம்மா கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு பேருமாகப் போலந்தைப் பங்கு போட்டதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. ஸ்டாலினுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது தான்யாவா? அவள் வீட்டுப் பாட்டியா? (பலத்த கைதட்டல்)

1940-ல் பிரிட்டன் தனியாக நின்றது என்றும் ஒருத்தர் சொன்னார். தனியாகவா? அந்தப் போர் முடிவதற்குள் நம் இந்தியாவிலிருந்து மட்டும் 25 லட்சம் பேர் படையில் சேர்ந்தார்களே, அவர்கள் கணக்கில் வரமாட்டார்களா?

அமெரிக்கா பறிகொடுத்தது சுமார் 4 லட்சம் பேர். அதுவும் உயிர்தான், குறைத்துப் பேசினால் பாவம். சோவியத் மக்கள் பறிகொடுத்தது ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி பிடித்தவர்களே அல்ல. ஜெர்மானியப் படையும் சும்மா போகவில்லை. களத்தில் செத்த அதன் வீரர்களில் நான்கில் மூன்று பங்குபோல அந்தக் கிழக்கு முனையில்தான் விழுந்தார்கள்.

நடுவர் மணி அடித்துவிட்டார். நார்மண்டி பாக்கி இருக்கிறது. அதை எங்கள் அணியில் அடுத்து வருகிற நண்பர் பார்த்துக்கொள்வார்.