பேனாவின் உட்குழல்: கடைசற்கலை வரலாற்றில் ஒரு விடுபாடு

கடைசல் பழகத் தொடங்கிய நாளில் நான் ஈட்டி மரத்தில் கடைந்த பேனா ஒன்று, இந்தக் கோடையில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. பிழை என்னுடையதே. ஈரம் முழுதும் உலராத கட்டையை எடுத்திருந்தேன். ஆயினும் அந்த வெடிப்பு ஒரு வரலாற்றுக் கேள்விக்குள் என்னை இழுத்துச் சென்றது. அதை இங்கே பகிர்கிறேன். பதிவு சற்று நீளம், பொறுத்தருள்க.

மரப்பேனா கடைவோர் இன்று உலகெங்கும் பின்பற்றும் முறை இது. சதுரக் கட்டையை அளவாக அறுத்து நடுவில் துளையிடுவர். அத்துளையில் ஒரு பித்தளைக் குழலைப் பசையிட்டுச் செருகுவர். பசை பற்றுவதற்காகக் குழலின் புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குவர். குழலுக்குள் பசை புகாதிருக்க அதன் வாயை மெழுகாலோ களிமண்ணாலோ அடைப்பர். துளை முழுதும் பசை பரவ, குழலைச் சுழற்றிச் சுழற்றியே உள்ளே தள்ள வேண்டும். இறுகிய பின், பித்தளை பளிச்சிடும் வரை கட்டையின் இரு முனைகளையும் குழலுக்குச் செங்குத்தாகச் சீவுவர். அதன் பிறகே கடைசல். எங்கேனும் பசை படாத இடைவெளி இருந்தால், சுவர் மெலியும்போது உளி அவ்விடத்தைப் பெயர்த்துவிடும். பசை சரியாகப் பிடித்திருந்தாலும் ஓர் இடர் எஞ்சுகிறது. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் இழைகளின் குறுக்கே விரியும், சுருங்கும். பித்தளை அதற்கு அசைவதில்லை. சுருங்க இடமில்லாத மரம் வெடிக்கிறது. என் பேனாவுக்கு நேர்ந்தது அதுவே.

எனவே கேள்வி: இந்தியக் கைவினைப் பேனாப் பட்டறைகளின் மரபில் இந்தப் பித்தளைக் குழல் ஏன் இடம்பெறவில்லை?

விடைக்கு முன் சொற்களைச் சற்றுப் பார்க்கலாம். ‘பேனா’ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் இறகு. இந்தியில் வழங்கும் ‘கலம்’ அரபியின் வழியே வந்தது. அதன் பின்னே நிற்கும் கிரேக்கச் சொல்லுக்கு நாணல் என்று பொருள். இறகின் தண்டும் நாணலும் இயற்கையாகவே உள்ளீடற்றவை. நம் எழுத்தாணிக்கோ உட்குழலே தேவையில்லை. அது மை ஏந்துவதில்லை, ஓலையைக் கீறுகிறது. ஆக, மையைத் தன்னுள்ளே சேமிக்கும் பேனா வந்தபோதுதான், இயற்கை தந்த உட்குழலைக் கைவினைஞர் தாமே உண்டாக்கும் நிலை ஏற்பட்டது.

கடைசலோ நமக்குப் பழைய தொழில். தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மலையாளத்தின் ‘கடயுக’வும் இவ்விரு பொருளையும் தாங்குகிறது. தெலுங்கில் ‘தரி’ என்பது தயிர் கடைதல். கடைசல் பொறிக்குப் பெயர் ‘தரிமென’. இது தற்செயலான ஒப்புமை அன்று. கயிற்றாலும் வில்லாலும் இயங்கிய பழைய கடைசல் பொறி, மத்தைப் போலவே முன்னும் பின்னுமாகச் சுழன்றது. செயலின் வடிவம் ஒன்றாதலின் சொல்லும் ஒன்றாயிற்று. சன்னபட்டணத்திலும் ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தில் அரக்கு ஏற்றிப் பொம்மை கடைந்த மரபு இதன் தொடர்ச்சியே.

பேனாவுக்குப் பெரிதும் ஏற்ற பொருளாய் அமைந்தது எபனைட். ரப்பரோடு மிகுதியான கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றி இறுகச் செய்த பொருள் அது. 1851-இல் நெல்சன் குட்இயர் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கருங்காலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. பெயரளவில் மரமாயினும் அதற்கு இழை இல்லை. ஆகவே இழை வழியே பிளப்பதும் இல்லை. இத்தண்டை ஒரு முனையிலிருந்து மட்டும் துளையிட்டு, மறுமுனையை மூடியபடியே விட்டுவிடலாம். மரைகளையும் அதே பொருளிலேயே வெட்டலாம். பசையும் வேண்டா, குழலும் வேண்டா. பொருளே குழலாகிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சொட்டுக்குழாயால் மையை நேரே உடலுக்குள் நிரப்பும் பேனாவே நம் பட்டறைகளில் பெரிதும் உருவானது. அமிலத்தன்மை கொண்ட மை பித்தளையை அரிக்கும், எபனைட்டை அரிக்காது. மேலும், கைச்சூட்டால் உள்ளிருக்கும் காற்று விரியும்போது முள்ளின் வழியே மை சொட்டும். எபனைட் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே தடித்த எபனைட் சுவர் இக்குறையைத் தணிக்கிறது. ஆக, குழல் இல்லாமை வறுமையின் அடையாளம் அன்று. மையை நேரே ஏந்த வேண்டிய ஒரு பொருளுக்கு ஏற்ற தொழில்நுட்பத் தேர்வு அது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கடிதம் நினைவுகூரப்படும். கோதாவரிக் கரையிலுள்ள ராஜமகேந்திரியில் பேனாத் தொழில் தொடங்கிய கே. வி. ரத்னம், தம் பேனா ஒன்றைக் காந்திக்கு அனுப்பினார். அதைக் கொண்டு சேர்த்தவர், அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை நடத்திவந்த, தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. 1935 ஜூலையில் எழுதிய மறுமொழியில், பேனாவைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைத்தெருவில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் காந்தி குறிப்பிட்டார். சுதேசி வரலாற்றில் இதற்குரிய இடம் நியாயமானது.

ஆனால் என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. கடிதம் காக்கப்பட்டது; பெறுநரையும் அனுப்புநரையும் அறிவோம். அப்பேனாவின் உட்குழலைத் துளைத்த கைகள் எவை? துரப்பணம் சூடேறாதிருக்க எத்தனை முறை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டினார்கள்? மரை இறுக்கத்தை எந்தச் சொல்லால் குறித்தார்கள்? நம் ஆவணக்காப்பகம் தாளை நம்புகிறது; தாளில் எழுதிய கருவியைச் செய்தவனை மறந்துவிடுகிறது. சுதேசி என்ற கருத்தை எழுதிய வரலாறு நம்மிடம் நிறைய உண்டு. சுதேசியைக் கடைந்த வரலாறு மிகக் குறைவு.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பட்டறைச் சொற்கள் அகராதியில் பெரும்பாலும் ஏறுவதில்லை; அவை கையோடு வாழ்ந்து கையோடு மறைகின்றன. ஒரு பட்டறையில் நான் குறிப்பேட்டைத் திறந்தபோது, முதியவர் ஒருவர் கடைசலை நிறுத்தாமலே சொன்னார்: “எழுதாதீங்க தம்பி, கேளுங்க.” துரப்பணம் எபனைட்டுக்குள் இறங்கும் ஓசை மாறுவதைக் கொண்டே துளை போதிய ஆழம் சென்றுவிட்டதை அவர் அறிகிறார். அந்த ஓசைக்கு அவரிடம் ஒரு பெயர் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். பெயர் இல்லை. பெயரில்லாத அறிவை எப்படிப் பதிவு செய்வது என்பதே என் ஆய்வின் இன்றைய சிக்கல்.

ராஜமகேந்திரி, ஐதராபாத், திருவள்ளூர் ஆகிய ஊர்களில் இன்றும் எபனைட் பேனாக்கள் கையால் கடையப்படுகின்றன. அருகிலுள்ள பல்கலைக்கழகங்களில் பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறும்பாய்வுக்குத் தலைப்புத் தேடுவோர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பட்டறைக்குச் சென்று வாருங்கள். நிறுவனத்தின் கதையைக் கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு தண்டு பேனாவாகும் வரை நிகழும் ஒவ்வொரு அசைவுக்கும் என்ன சொல் என்று கேளுங்கள். சொல் இல்லையெனில், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெடித்த பேனாவை இன்னும் மேசைமேல் வைத்திருக்கிறேன். பிளவின் வழியே பித்தளை தெரிகிறது.

கருத்துப்பிழை இருப்பின் அறிஞர்கள் திருத்தியுதவ வேண்டுகிறேன்.