சயாமியப் பூனை

சயாமியப் பூனை, சயாம் என்று முன்பு அழைக்கப்பட்ட தாய்லாந்தின் குட்டைமுடிப் பூனை இனம். வெளிர்ந்த உடலும் நீலக் கண்ணும், கருத்த முகமும் காதும் காலும் வாலும் இதன் அடையாளம். பூனைகளைப் பாடியும் வரைந்தும் வைத்த 'தம்ரா மேயோ' சுவடிகள் இதை நற்பேறு தரும் பூனைகளில் ஒன்றாகக் காட்டுகின்றன. அச்சுவடிகளின் மூலம் அயுத்தயா ஆட்சிக்காலத்தது என்பர். இன்று கிடைப்பவை 19ஆம் நூற்றாண்டுப் படிகள்.

லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் நடந்த பூனைக் கண்காட்சியில் சயாமியப் பூனைகளும் இருந்தன. 1878இல் பாங்காக்கில் இருந்த அமெரிக்கத் தூதர் டேவிட் சிக்கல்ஸ், அதிபர் ஹேய்ஸின் மனைவி லூசிக்கு ஒன்றை அனுப்பினார். 1884இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி எட்வர்ட் கூல்ட், ஃபோ, மியா என்ற ஜோடியைத் தம் தங்கை லிலியனுக்குக் கொண்டுபோனார். 1901இல் பிரிட்டனில் சயாமியப் பூனைச் சங்கம் தொடங்கியவர்களுள் லிலியனும் ஒருவர்.

இந்தப் பூனையின் அழகெல்லாம் ஒரு நொதியின் குறையில் இருக்கிறது. நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ், இதன் உடலில் இயல்பான சூட்டில் சரிவர வேலை செய்யாது. குளிர்ந்த இடங்களில் மட்டும் செய்யும். தாயின் வயிற்றுச் சூட்டில் வளர்ந்த குட்டி அதனால் வெள்ளையாகவே பிறக்கிறது. நாள் செல்லச் செல்ல மூக்கு நுனி, காது விளிம்பு, வால் ஆகியவை முதலில் கருக்கும். அறுவை சிகிச்சைக்காக விலாவில் மழித்த இடத்தில் தோல் குளிர்வதால், அங்கே புது முடி கருப்பாக முளைப்பதும் உண்டு. குளிர்நாட்டில் வளர்வதன் உடல் வெப்பநாட்டில் வளர்வதைவிடக் கருத்திருக்கும். இதே குறை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளையும் தடம் மாற்றுகிறது. அந்த நாள் பூனைகள் பலவற்றுக்கு மாறுகண் இருந்ததற்குக் காரணம் இதுவே. மாறுகண்ணையும் முடிச்சு விழுந்த வாலையும் கண்காட்சியினர் குறையெனத் தள்ளினர். தேர்ந்து இனம் பெருக்கியதில் இரண்டும் அருகின.

பழைய சயாமியப் பூனைக்கு வட்டத் தலை, கட்டான உடல். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுவர்கள் ஒடிசலையே விரும்பியதால், முக்கோணத் தலை, அகன்ற பெருங்காது, குச்சிக் கால் என்று இனமே உருமாறியது. அந்த மிகையை அழகு என்று ஏற்க முடியவில்லை. பழைய வடிவத்தைக் காத்தவர்களின் பூனைகள் இன்று 'தாய் (Thai) பூனை' என்ற தனி இனமாக நிற்கின்றன.

குரல் உரத்தது, குழந்தை அழுகையை ஒத்தது. ஆள் போகும் அறைக்கெல்லாம் பின்னாலேயே வரும். நாள் முழுதும் பூட்டிய வீட்டில் தனியே விடப்பட்டால் ஏங்கிப்போகும். வேலைக்குப் போகிறவர்கள் வளர்ப்பதானால் இரண்டாக வளர்ப்பதே நியாயம்.

15 வயதைக் கடந்து வாழ்வன உண்டு. எனினும் ஆஸ்துமா, கல்லீரலில் புரதம் படியும் அமிலாய்டோசிஸ், மார்பகப் புற்று ஆகியவை இவ்வினத்தில் கூடுதலாகக் காணப்படுகின்றன. பரம்பரையாக வரும் விழித்திரைத் தேய்வும் உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைத் தாய், தந்தை இரண்டிடமிருந்தும் பெற்ற குட்டி நல்ல பார்வையோடு பிறந்து, சில ஆண்டுகளில் குருடாகிறது. மரபணுச் சோதனையில் இதை முன்பே கண்டறியலாம் என்பதால், சோதிக்காமல் இணை சேர்ப்பது பொறுப்பின்மை.